மலேசியாக் குருவி

என் வீட்டு முன்சுவரில் பாதி கண்ணாடி. சித்தாண்டியில் பெருந்தெருவை விட்டு வயல் பக்கம் இறங்கினால் அப்படி ஒரு வீடு வேறு கிடையாது. கட்டும்போது மேசன் சொன்னார், "போடியார், வெயில் உள்ளுக்கு வந்திரும், ஹோல் அவியும்" என்று. வந்தால் வரட்டும் என்றேன். வெயில் வருகிறதோ இல்லையோ, வீதியால் போகிறவனின் கண் உள்ளே வரவேண்டும். அதுதான் எனக்கு வேண்டியிருந்தது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுப் பிறத்தியானின் வயலில் கூலிக்கு வரம்பு கட்டி, பிறகு சொந்த மாடு, பிறகு உழவு மெசின், பிறகு சொந்த வயல் என்று ஏறி வந்தவன் நான். பெரிய வயல்காரனைப் போடியார் என்பார்கள். அது பிறப்பில் வருகிற பேர் என்று சிலர் நினைக்கிறார்கள். எனக்கு அது முதுகு வளைந்து வந்த பேர். யாரிடமும் கேட்டு வாங்கவில்லை. அப்படிக் கூப்பிட மறந்தவர்களுக்குச் சிலவேளை ஞாபகப்படுத்தியிருக்கிறேன், அவ்வளவுதான்.

இதையெல்லாம் முதலிலேயே எழுதி வைத்துவிடுகிறேன். பின்னால் வருவது எழுதக் கூசுகிற சங்கதி.

இளைய மகளுக்குச் சம்பந்தம் பேசிய நேரம் அது. மகள் முன்பள்ளியில் படிப்பிக்கிறாள். புளியந்தீவில் ஒரு பயிற்சிக்குப் போன இடத்தில் கச்சேரி என்கிற மாவட்ட அலுவலகத்தில் வேலை செய்யும் ஒரு பொடியனைக் கண்டு, இரண்டு பேருக்கும் மனம் பிடித்துப்போயிற்று. படுவான்கரைப் பொடியன், அதாவது வாவிக்கு மேற்கே, சூரியன் படுகிற பக்கத்து ஊர். தகப்பன் இல்லை. தாய் தனியே நின்று வயல் செய்து வளர்த்த பிள்ளை. அந்த மனுசி மகன் கேட்டான் என்பதற்காக உடனே தலையாட்டவில்லை. முதலில் தன் தம்பியை, பொடியனின் தாய்மாமனை, எங்கள் நிலவரம் பார்த்து வர அனுப்பினாள்.

அவரை நான் வாடிக்கு, வயலில் இருக்கிற காவல் குடிலுக்கு, கூட்டிப் போனேன். வயல்வெளியை நாங்கள் வட்டை என்போம். வாடி வாசலில் நின்று கையை நீட்டி, "கண்ணுக்கு எட்டுற வட்டை முழுக்க நம்மடதான் மச்சான். அதில பாதி மகளுக்கு" என்று சொல்லிவைத்தேன். உண்மையில் நடு வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் மட்டும்தான் என்னுடையது. அந்தப் பக்கம் பட்டணத்து ஆள் ஒருவருடைய நிலம். நான் குத்தகைக்குச் செய்கிறேன். ஆனால் இரண்டு பக்கமும் விதைப்பது நான், வெட்டுவதும் நான். பயிருக்கு ஒரே பச்சைதான், பார்க்கிற கண்ணுக்கு வித்தியாசம் தெரியவா போகிறது? அவரும் "பெரிய கைதான்" என்று சொல்லிப் போனார். அந்தச் சொல்லை அன்று முழுக்க வாய்க்குள் வைத்து மென்றுகொண்டிருந்தேன்.

இனித் தாய் நேரில் வரவேண்டும். வந்து, பேசி, நாங்கள் நீட்டுகிற வெற்றிலை வட்டாவிலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்தால் சம்மதம். எடுக்காமல் எழும்பினால் இல்லை. எங்கள் பக்கத்தில் அதற்கு மேல் எழுத்தும் இல்லை, கையெழுத்தும் இல்லை.

மகள் என்னிடம் தனியே வந்தாள்.

"அப்பா, அவங்களுக்குப் பொய் மட்டும் ஆகாதாம். கொஞ்சம் அளந்து கதையுங்க."

"நான் என்ன புள்ள பொய் சொல்லுறன்?"

"பொய் எண்டு சொல்லல்ல. நீங்க கதைச்சா எல்லாம் கொஞ்சம் பெருத்திரும்."

சிரித்துவிட்டேன். அந்த வாரம்தான் குருவி வந்து விழுந்தது.

ஐப்பசி மழை தொடங்கியிருந்தது. விடிய எழும்பித் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறேன், 'டொப்' என்று கண்ணாடியில் ஒரு சத்தம். வெளியே போய்ப் பார்த்தால் நிலத்தில் ஒரு குருவி, கால் இரண்டையும் மடக்கிக்கொண்டு. கையில் எடுத்தேன். நெஞ்சு மட்டும் துடித்துக்கொண்டிருந்தது. என் வாழ்நாளில் அப்படி ஒன்றைக் கண்டதில்லை. முதுகு கிளிப்பச்சை. வயிறு பழுத்த மாம்பழத் தோல். தோளில் மீன்கொத்தியின் நீலம். கூத்தாட வந்தவன் போலக் கண்ணுக்குக் கறுப்பு மை. வால் என்று சொல்ல ஒன்றுமில்லை, கத்தரித்து விட்டது போல ஒரு கட்டை. அதன் அடியில் செக்கச்செவேல் என்று ஒரு சிவப்பு. யாரோ பணக்காரன் வளர்த்த வெளிநாட்டுக் குருவி கூட்டை விட்டுத் தப்பி வந்திருக்கிறது என்றுதான் நினைத்தேன். பழைய கிளிக்கூடு ஒன்று கிடந்தது. அதில் விட்டுக் கண்ணாடிக்குப் பக்கத்தில் தூக்கி வைத்தேன்.

முதலில் கண்டவர் அடுத்த வளவுக்காரர். அவரும் என்னைப் போலக் கீழேயிருந்து வந்தவர்தான். அவருக்கும் எனக்கும் எதிலும் ஒரு போட்டி.

"என்ன போடியார், எங்கத்தக் குருவி இது?"

கண்ணாடியில் மோதி விழுந்தது என்று சொல்லியிருக்கலாம். நல்ல கதைதான் அதுவும். வாய் முந்திக்கொண்டது.

"மலேசியா. மூத்தவன் அனுப்பினவன்."

மூத்த மகன் மலேசியாவில் வேலை செய்வது உண்மை. அங்குள்ள மலைக்காட்டுக் குருவிகளின் வீடியோ ஒன்றைப் போனில் அனுப்பியிருந்ததும் உண்மை. அந்த இரண்டு உண்மையையும் ஒட்டினால் இது வருகிறது.

"மேகம் முட்டுற மலை இருக்கே, அந்தக் காட்டுக்குள்ள மட்டும்தான் இது இரிக்கும். நல்லாப் பாட்டுப் படிக்கும்."

"பிளேனிலயா வந்திச்சி?"

"பின்ன, கடலை நீந்தியா வரும்?"

அவர் முகம் சுருங்கியதைப் பார்க்க எனக்கு இருந்த சந்தோசத்தைச் சொல்லி முடியாது.

அன்று பின்னேரம் மகள் முன்பள்ளியால் வந்து, கூட்டுக்கு முன்னால் குந்தியிருந்து பார்த்தாள். பிறகு போனை எடுத்து ஏதோ தேடினாள்.

"அப்பா, இது ஆறுமணிக்குருவி."

"எது?"

"இதுதான். மழையோட வடக்கால இருந்து பறந்து வாறது. களைச்சுப்போய் வீடுகள்ல மோதுமாம். பாருங்க படத்த. விட்டிருங்க அப்பா."

எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. "ஆறுமணிக்குருவிய எனக்குப் படிப்பிக்கிறியா புள்ள?"

இதை விளங்கப்படுத்த வேண்டும். நான் கூலிக்கு நின்ற காலத்தில் வயலில் எங்கள் ஒருவரிடமும் மணிக்கூடு இல்லை. எங்களை வேலைக்கு வைத்திருந்த போடியாரிடம் இருந்தது, அவர் பார்த்துச் சொல்லமாட்டார். பின்னேரம் ஆற்றங்கரைப் பற்றைக்குள்ளிருந்து ஒரு விசில் வரும். இரண்டே எழுத்து: வீ... ட்டியூ. அது கேட்டால் வேலை முடிந்தது. வேலையாட்களை மேய்க்கிற முல்லைக்காரன்கூட அதற்குப் பிறகு எங்களை மறிக்க மாட்டான். மண்வெட்டியைக் கழுவிக்கொண்டு கரையேறுவோம். மாரி முழுக்க அந்தச் சத்தத்துக்குக் காதைத் தீட்டி வைத்திருந்து வளர்ந்தவன் நான். ஆனால் ஆளைக் கண்டதில்லை. யாரும் கண்டதில்லை. பற்றைக்குள் சருகு கிளறித் திரிகிற சாதி, மனிசனுக்கு முகம் காட்டாது. எங்களுக்கும் சத்தம் போதும். நானாகவே அதற்கு ஓர் உருவம் செய்து வைத்திருந்தேன். சேற்று நிறத்தில், வயிறு ஒட்டி, எங்களைப் போல ஒரு கூலிக்காரக் குருவி. இவ்வளவு உடுப்போடு ஒன்று அந்தப் பற்றைக்குள் இருந்துகொண்டு எங்களுக்கு விசில் அடித்தது என்றால் யார் நம்புவது?

"நீ போனில படிச்சது. நான் காதால படிச்சது" என்றேன். "ஆறுமணிக்குருவி எண்டா ஆறு மணிக்குக் கத்தோணும். இது கத்திச்சா?"

"மயங்கிக் கிடக்கிறது எப்பிடிக் கத்தும்?"

"அப்ப கத்தக்குள்ள பாப்பம்."

குருவி கத்தவில்லை. அடுத்த நாளும் கத்தவில்லை. அதற்குக் காரணம் இருந்தது, பிறகுதான் விளங்கியது. லயிற் போடுகிற நேரத்துக்கு முன்னமே என் மனைவி கூட்டைப் பழைய சீலையால் மூடிவிடுவாள், அது நித்திரை கொள்ளட்டும் என்று. வெயில் ஏறிய பிறகுதான் சீலையை எடுப்பாள். அதுக்கு ஆறு மணி என்று ஒன்று வரவேயில்லை.

சாப்பாட்டுக்குத் திராட்சை, எங்கள் பேச்சில் முந்திரிகைப்பழம், அப்பிள் துண்டு, ஊறவைத்த சம்பா நெல் என்று வீட்டிலுள்ள உயர்ந்ததையெல்லாம் வைத்தேன். தொட்டும் பார்க்கவில்லை. மலைக்குளிர் இல்லாத கவலை என்று பார்க்க வந்தவர்களிடம் சொல்லி, கூட்டைப் பார்த்துப் பங்காவைத் திருப்பிவிட்டேன். பார்க்க வந்தவர்கள் கொஞ்சப் பேரில்லை. ஓட்டமாவடியில் இருந்து நெல் எடுக்க வந்த வியாபாரிகூடப் படம் எடுத்துப் போனார். மூன்றாம் நாளோ நாலாம் நாளோ குருவி தெளிந்து கூட்டுக்குள் தத்தித் திரிந்தது. முந்திரிகைப்பழம் வேலை செய்கிறது என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். மகள் விடியப் புறம் வாழையடியில் மண்புழு தோண்டிச் சிரட்டையில் கொண்டுவந்து வைத்தது எனக்குத் தெரியாது.

மாப்பிள்ளை வீட்டார் வந்தது ஒரு ஞாயிறு பின்னேரம். ஒரு வானில் தாய், தாய்மாமன், உறவுப் பெண்கள் சிலர். பொடியன் வரவில்லை. தாய் மெலிந்த மனுசி, வெயிலில் காய்ந்த கை. கதிரையில் சாயாமல் நுனியில் இருந்தாள். மகளை உடனே வெளியே அழைக்கிற வழக்கம் எங்களிடம் இல்லை. பெரியவர்கள் பேசி ஒரு நிலைக்கு வந்த பிறகுதான். மகள் அறைக்குள் இருந்தாள். நடுமேசையில் வெற்றிலை வட்டா, பித்தளை மினுங்க மினுக்கி வைத்திருந்தது.

நான் கதைத்தேன். வீடு கட்டிய கதை, மெசின் வாங்கிய கதை, இந்த வீடு மகளுக்கே என்ற கதை. அதெல்லாம் உண்மை. வட்டையைப் பற்றியும் கதைத்தேன். எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது. தாய் குறுக்கே ஒன்றும் கேட்கவில்லை, கேட்டுக்கொண்டிருந்தாள். மனைவி சீலையோடு வந்து கூட்டை மூடப் போனாள்.

"விடு, விடு. சம்மந்தி ஆக்கள் பாக்கட்டும்" என்றேன்.

எல்லாரும் எழும்பிக் கூட்டைச் சுற்றி நின்றார்கள்.

"இப்பிடி ஒண்டை நம்மட பக்கத்தில நான் காணல்ல" என்றார் தாய்மாமன். அவரும் சின்ன வயதிலிருந்து வயலில் நின்றவர்தான். அதைக் கேட்க எனக்கு இன்னும் பலம் வந்தது.

"எப்பிடிக் காணுற? மலேசியா மலைக்காட்டுக் குருவியெல்லோ. மூத்தவன் பிளேனில ஏத்தி அனுப்பினவன்."

தாய் குனிந்து பார்த்தாள். "வடிவான குருவிதான். மலேசியாவா?"

"ஓம், மலேசியா."

"மகன்தான் அனுப்பினவரா?"

இரண்டாம் தரம் கேட்டாள். இறங்குவதற்கு ஏணி வைத்துத் தந்திருக்கிறாள் என்று இப்போது நினைக்கிறேன். அப்போது நான் மேலே ஏறினேன்.

"கடுதாசி எல்லாம் இரிக்கி, மச்சாள். வேணுமெண்டா எடுத்துக் காட்டுறன்."

அந்த நேரம் வெளியே, வாய்க்கால் கரைப் பற்றைக்குள் இருந்து விசில் வந்தது. வீ... ட்டியூ. நாங்கள் ஒருவரும் அதைப் பொருட்படுத்தவில்லை. மாரியில் தினமும் கேட்கிறதுதானே. தாய்மாமன் மட்டும் பழக்கத்தில், "ஆறு மணியாச்சி அக்கா. இருட்ட முதல் பாதையில ஏறோணும்" என்றார்.

சொல்லி வாய் மூடவில்லை. கூட்டுக்குள் இருந்தது கழுத்தை வானம் பார்க்க நிமிர்த்தி, கண்ணாடி அதிர, பதில் சொன்னது.

வீ... ட்டியூ.

வெளியில் இருந்தது திரும்பக் கேட்டது. உள்ளே இருந்தது திரும்பச் சொன்னது. என் காதும் அங்கேதான் இருந்தது. ஐம்பது வருசமாக எனக்கு வேலை விட்ட சத்தம், என் முகத்துக்கு முன்னால், அந்த உடுப்புக்குள்ளிருந்து வருகிறது.

தாய்மாமன்தான் முதலில் வாய் திறந்தார். "என்ன மச்சான், மலேசியாவிலயும் இப்பதான் ஆறு மணியோ?"

உறவுப் பெண்கள் சீலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார்கள். ஒருத்தி, "பாஷையும் நம்மட பாஷைதான் கா" என்றாள். வெடித்துச் சிரித்தார்கள். நானும் சிரிக்கப் பார்த்தேன். உதடு வரவில்லை.

தாய் சிரிக்கவில்லை. "அப்ப அந்த வட்டை?" என்று கேட்டாள். "அதுவும் பிளேனிலதான் வந்திச்சோ?"

சிரிப்பு அந்த இடத்தில் நின்றது. தாய்மாமன் என்னைப் பார்த்தார். நான் கையை நீட்டிக் காட்டிய அந்த வாடி வாசல் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் வந்து நின்றது.

அப்போது அறைக் கதவைத் திறந்துகொண்டு மகள் வந்தாள். யாரும் அழைக்கவில்லை. தலையில் பூ, புதுச் சீலை. யாரையும் பார்க்காமல் கூட்டைத் தூக்கிக்கொண்டு விறாந்தைப் படி இறங்கி, முற்றத்தில் வைத்துக் கதவைத் திறந்துவிட்டாள். குருவி உடனே பறக்கவில்லை. வெளியே வந்து நின்று, இரண்டு தத்துத் தத்தி, நிலத்தோடு நிலமாக ஓடிப் பற்றைக்குள் போயிற்று. தாய் விறாந்தைக்கு வந்து நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மகள், உனக்கு இது தெரியும்தானே?"

"ஓம் மாமி."

"அப்பாட்டச் சொன்னயா?"

மகள் குனிந்து வெறும் கூட்டின் கதவைச் சாத்தினாள். என்னைக் காட்டிக்கொடுக்காமல் நின்றாள். அவள் என்னைப் பற்றி எதையாவது சொல்லியிருந்தால் எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

அவர்கள் தேத்தண்ணீரைக் குடித்தார்கள், மரியாதைக்கு. வட்டாவை மனைவி நீட்டினாள். தாய் இரண்டு கையாலும் வட்டாவின் விளிம்பைத் தொட்டு, "பிறகு பாப்பம்" என்றாள். வெற்றிலையை எடுக்கவில்லை. வான் போயிற்று. மகள் வெறும் கூட்டைக் கொண்டுவந்து இருந்த இடத்தில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

அதற்குப் பிறகு வீட்டில் சண்டை ஒன்றும் நடக்கவில்லை. சண்டை வந்திருந்தால் எனக்குச் சுகம், கத்தத் தெரிந்தவன் நான். மகள் சோறு போட்டாள், தண்ணீர் வைத்தாள், முன்பள்ளிக்குப் போனாள், வந்தாள். என்னோடு கதைப்பதை மட்டும் விட்டுவிட்டாள். அவளுடைய போன் அடித்தால் கிணற்றடிக்குப் போய்க் கதைத்தாள். ஒருநாள் அங்கிருந்து வந்தபோது கண் வீங்கியிருந்தது. அதைக் கண்ட அடுத்த நாள் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு நான் வெளிக்கிட்டேன்.

களுவாஞ்சிக்குடி வரை பஸ். பிறகு குருமண்வெளித் துறை. வாவியைக் கடக்கும் மிதவைக்கு எங்கள் பக்கம் பாதை என்றுதான் பேர். பாதையில் மோட்டார் சைக்கிள்கள், ஒரு உரமூட்டை வண்டி, பத்துப் பன்னிரண்டு சனம். கரையை விட்டுக் கொஞ்சத் தூரம் போயிருக்கும், எனக்குப் பக்கத்தில் நின்ற ஒருவர் மற்றவருக்குக் கதை சொல்லத் தொடங்கினார்.

"சித்தாண்டிப் பக்கத்தில ஒரு போடியாராம். ஆறுமணிக்குருவியப் பிடிச்சி வச்சி, மலேசியாக் குருவி எண்டு சம்பந்தம் பேசப் போன ஆக்களுக்குக் காட்டினவராம்."

"குருவிக்குப் பாஸ்போட் இரிந்திச்சாமா?"

"இரிந்திருக்கும். விசாதான் முடிஞ்சிபோச்சி, அதான் கத்திப்போட்டுது."

பாதை முழுக்கச் சிரித்தது. பாதை இழுக்கிறவனும் சிரித்தான். நானும் சிரித்தேன். சத்தமாகவே சிரித்தேன். சொன்னவர் சந்தோசப்பட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஐயா எந்தப் பக்கம்?"

"ஏறாவூர்ப் பக்கம்" என்றேன்.

உண்மை சொல்லப் போகிற வழியில் வாவிக்கு நடுவில் நின்றுகொண்டு இன்னொரு பொய். தண்ணீரைப் பார்த்துக்கொண்டு அக்கரை வரும்வரை நின்றேன்.

அந்த வீட்டு முற்றத்தில் அவித்த நெல் பாயில் காய்ந்துகொண்டிருந்தது. தாய் காலால் துழாவிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் ஆச்சரியப்படவில்லை.

"வாங்க. இந்தாங்க, காகம் வரும், பாத்துக்கொண்டிருங்க. தேத்தண்ணி வச்சிக்கொண்டு வாறன்."

கையில் ஒரு கம்பைத் தந்துவிட்டு உள்ளே போனாள். வெள்ளைச் சட்டையோடு பாய் ஓரத்தில் குந்தியிருந்து நான் காகம் விரட்டினேன். வீதியால் போனவர்கள் பார்த்தார்கள். மனுசி வேண்டுமென்றுதான் செய்தாளா, உண்மையிலேயே காகத்துக்குப் பயந்தாளா, இன்றுவரை எனக்குத் தெரியாது. தேத்தண்ணீர் வந்தபோது நான் கம்பை வைக்காமலே சொன்னேன். அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை, நெல்லைப் பார்த்துச் சொன்னேன்.

"நடு வாய்க்காலுக்கு இஞ்சாலதான் நம்மடது. அங்கால குத்தகை. மகளுக்குப் பாதி எண்டா அந்த இஞ்சால் பாதியில பாதிதான். வீடு உண்மை. குருவி கண்ணாடியில வந்து விழுந்தது. மகன் அனுப்பல்ல."

"கடுதாசி?"

"கடுதாசியும் இல்ல."

அவள் நெல்லை ஒரு பிடி எடுத்துக் கடித்துப் பார்த்தாள். காய்ச்சல் பதம் போதாது போலும், திரும்பப் போட்டாள்.

"இஞ்சால் பாதி போதுமே. இதை அண்டைக்கே சொல்லியிருந்தா நான் வெற்றிலை எடுத்திருப்பனே. இல்லாததையும் இரிக்கெண்டு சொல்லச் சொல்லி உங்களிட்ட ஆர் கேட்டது?"

யாரும் கேட்கவில்லை. அதுதான் உண்மை.

"அண்டைக்கு வெளியால வந்து கூட்டைத் திறந்தாளே, அந்தப் புள்ளைய நான் விடமாட்டன். உங்களத்தான் என்ன செய்யிறெண்டு யோசிச்சிக்கொண்டிருந்தன்" என்றாள். பிறகு, "ஒண்டு இரிக்கி. கலியாணம் முடியுமட்டும் நீங்க சபையில கதைக்கப்படாது. ஆரும் ஏதும் கேட்டா எங்கட தம்பியக் கை காட்டிப்போட்டுப் பேசாம இரிக்கோணும்."

"அது எப்பிடி மச்சாள்? பெண்ணைப் பெத்த தகப்பன் நான்..."

"இது நான் வச்சதில்ல. உங்கட மகள் கேட்டது. போனில அழுதழுது கேட்டாள். 'மாமி, எல்லாத்துக்கும் ஓம் எண்டுவன், அப்பாவ மட்டும் கதைக்க விடாதீங்க' எண்டு."

காகம் ஒன்று இறங்கி நெல்லைக் கொத்தியது. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள்தான் எழும்பி விரட்டினாள். உள்ளே போய் அவளுடைய வட்டாவைக் கொண்டுவந்து நீட்டினாள். ஒரு வெற்றிலை எடுத்தேன். மெல்லவில்லை, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

தை மாதம் கலியாணம். நான் கதைக்கவில்லை. கேட்டவர்களுக்குக் கை காட்டினேன். தாய்மாமன் என் வீட்டில் நின்று, நான் கட்டிய மண்டபப் பந்தலில், என் விருந்தாளிகளை வரவேற்றார். பின்னேரம் மைக்கில் நின்ற ஒரு பொடியன் விசயம் தெரியாமல், "இப்ப போடியார் ரெண்டு வார்த்தை..." என்றான். எத்தனையோ கலியாணங்களில் மைக்கைப் பிடித்து விடாமல் கதைத்தவன் நான். தலையை ஆட்டி மறுத்தேன். அந்த நேரம் பின்வரிசையில் யாரோ ஒருவன் விசில் அடித்தான். இரண்டு எழுத்து. பந்தல் முழுக்கச் சிரித்தது. மணவறையில் இருந்த மகள் குனிந்தாள். சிரிப்பை மறைக்கத்தான் குனிந்தாள் என்று நம்ப ஆசைப்படுகிறேன். மாலை மறைத்ததால் முகம் தெரியவில்லை.

எங்கள் வழக்கப்படி மருமகன் பெண் வீட்டோடு வந்துவிட்டார். நல்ல பிள்ளை. கச்சேரியால் வந்து, குளித்து, என்னோடு விறாந்தையில் கதிரை போட்டு இருப்பார். மகளும் இப்போது கதைக்கிறாள், முன்னையைப் போல. குருவிக் கதையை வீட்டில் யாரும் எடுப்பதில்லை. ஊரில் எடுக்கிறார்கள். "மலேசியாப் போடியார் வீடு எங்க?" என்று கேட்டால் சின்னப் பிள்ளையும் வழி காட்டும்.

மாரி வந்தால் எனக்கு ஒரு வேலை. ஆறு மணிக்குக் கொஞ்சம் முந்தி எழும்பிப் போய்த் தண்ணீர் மோட்டரைப் போடுவேன். அது பழைய மோட்டர், போட்டால் பக்கத்து வளவுக்கும் கேட்கும் இரைச்சல். வாய்க்கால் பக்கம் யார் என்ன சொன்னாலும் காதில் விழாது. கூரைமேல் இருக்கிற தண்ணீர்த் தாங்கி நிரம்பி வழியும். "இந்த மழைக்குள்ள ஏன் இவ்வளவு தண்ணி?" என்று மனைவி ஏசுவாள். பயிருக்கு என்பேன். வெளியே மழை பெய்துகொண்டிருக்கும்.

போன கார்த்திகையில் ஒருநாள் பத்திரிகை எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்து நேரத்தை மறந்துவிட்டேன். பற்றைக்குள் இருந்து வந்தது. வீ... என்று முதல் எழுத்து கேட்ட உடனே என் காது சுட்டது. தலையை நிமிர்த்தவில்லை. பக்கத்துக் கதிரை அசைந்தது. மருமகன் எழும்பி, என்னைப் பார்க்காமல், வீட்டுப் பின்பக்கம் நடந்து போனார். கொஞ்ச நேரத்தில் மோட்டர் இரையத் தொடங்கியது.

திரும்பி வந்து அதே கதிரையில் இருந்து போனைப் பார்த்தார். நான் பத்திரிகையைப் பார்த்தேன். தாங்கி நிரம்பிக் கூரையில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. இரண்டு பேரும் எழும்பவில்லை.